டைனோசர் வர்றதுக்கு முன்னாடி

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாம்ல மாட்டி, பார்க்கிங் தேடி, மழையில நனைஞ்சு வந்திருக்கீங்க, அதனால சுத்தி வளைக்காம நேரா விசயத்துக்கு வந்துடறேன். சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்துல ஒரு ஆக்‌ஷன் சீன் நம்மள ஏன் சீட்டு நுனிக்குக் கொண்டு வருது, அதுக்குக் கேமராவும் சவுண்டும் எடிட்டிங்கும் என்ன பண்ணுது, இதான் இன்னைக்குப் பேச்சு. குறும்படம் எடுக்கிற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் முன்னாடி உக்காந்திருக்கீங்க, உங்களுக்காகத்தான் முக்கியமா பேசறேன்.

நம்ம பசங்க எடுக்கிற படங்கள நான் விடாம பாக்குறேன். பாத்தா ஒரே ஒரு குறை திரும்பத் திரும்ப வருது. ரோபோ வருது, லேசர் பறக்குது, கேமரா கிடுகிடுன்னு ஆடுது, செகண்டுக்கு ஒரு கட், பின்னாடி டிரம்ஸ் அடிச்சுத் தள்றாங்க, ஆனா பாக்குறவங்களுக்கு உள்ள எதுவுமே ஆகல, சும்மா வேடிக்கை பாத்துட்டு இருக்காங்க. ஏன்னா அந்த ரோபோவால என்ன முடியும், என்ன முடியாது, ஹீரோ எங்க நின்னா பொழைப்பான், எங்க நின்னா செத்தான், இது எதுவுமே நமக்குத் தெரியாது. மேஜைக்கு அடியில குண்டு இருக்குன்னு ஆடியன்ஸுக்கு மட்டும் தெரிஞ்சா அதுதான் சஸ்பென்ஸுன்னு சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன டைரக்டர் ஹிட்ச்காக் சொன்னது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். ஆனா குண்டுன்னா வெடிக்கும்னு எல்லாருக்கும் பொறந்ததுல இருந்தே தெரியும் இல்லையா, சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல அந்தக் குண்டே புதுசு, அது என்ன பண்ணும்னு நீங்கதான் முதல்ல சொல்லிக் குடுக்கணும். அதை வசனத்துல பாடம் மாதிரி ஒப்பிக்காம, ஷாட்லயும் சவுண்ட்லயும் சொல்லிக் குடுக்கிறதுலதான் டைரக்டரோட திறமையே இருக்கு.

ஒரு சீன எடுத்துப்போம், எல்லாரும் பாத்தது. 1993-ல வந்த ஜுராசிக் பார்க், ஸ்பீல்பெர்க் எடுத்தது, அதுல அந்தப் பெரிய டி-ரெக்ஸ் டைனோசர் மழை ராத்திரியில வேலியத் தாண்டி வெளிய வர்ற இடம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடற அந்தப் படத்துல டைனோசருங்க திரையில இருக்கிறது மொத்தமா ஏறக்குறைய 15 நிமிஷம்தான்னு சொன்னா நம்புவீங்களா, ஆனா நம்ம ஞாபகத்துல படம் முழுக்க டைனோசர்தான். அந்த சீன்ல முதல்ல என்ன நடக்குது பாருங்க. கரண்ட் போகுது. அதுக்கு முன்னாடியே வேலியில கரண்ட் இருக்கு, அதனாலதான் அது உள்ள இருக்குன்னு நமக்குக் காட்டியாச்சு, ஸோ வண்டி நின்னு லைட் அணைஞ்ச உடனே யாரும் எதுவும் சொல்லாமலே நம்ம மனசு கணக்குப் போட்டுடுது. அடுத்தது கிளாஸ்ல இருக்கிற தண்ணி. டாஷ்போர்டு மேல ரெண்டு கிளாஸ், அதுல வட்டம் வட்டமா ஒரு அதிர்வு, அவ்ளோதான் ஷாட். அந்த வட்டத்த வர வைக்கிறதுக்கு டாஷ்போர்டுக்கு அடியில ஒரு கிட்டார் கம்பியக் கட்டி மீட்டுனாங்க, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் எதுவும் இல்ல. கவனிங்க, ஒரு கிட்டார் கம்பியும் ஒரு கிளாஸ் தண்ணியும் உங்க பட்ஜெட்லயும் இருக்கு.

அப்புறம் கட்டி வச்ச ஆடு. முதல்ல ஆடு நிக்குது, அப்புறம் பாத்தா ஆடு இல்ல, சங்கிலி மட்டும் ஆடுது, அது எப்பப் போச்சுன்னு நமக்குக் காட்டவே இல்ல, திடீர்னு காடியோட கண்ணாடிக் கூரை மேல ஒரு கால் மட்டும் வந்து விழுது. அந்த நேரத்துல தின்ன வாயைக் காட்டியிருந்தா அது ஒரு மிருகம் தின்னுது அவ்வளவுதான், நம்ம பதட்டம் அங்கயே முடிஞ்சிருக்கும். அது காட்டாம விட்ட அந்த இடத்த நம்ம மூளை நிரப்புது பாருங்க, அங்கதான் பயம் வேலை செய்யுது.

இன்னொன்னு, இத நான் எங்க பேசினாலும் சொல்லுவேன்: அந்தத் தாக்குதல் சீன்ல பின்னணி இசையே கிடையாது. ஜான் வில்லியம்ஸ் மாதிரி ஒரு மேதையக் கையில வச்சுக்கிட்டு அந்த சீனுக்கு மியூசிக் வேணாம்னு விட்டுருக்காங்க. வெறும் மழை, வைப்பர், மிருகத்தோட மூச்சு, தகரம் நசுங்குற சத்தம். இசை வந்தா அது நமக்கு ஒரு துணை, இப்ப பயப்படு, இப்ப கொஞ்சம் ஆறுதலா இருன்னு கையப் புடிச்சு கூட்டிட்டுப் போகும், அந்தக் கைய அவங்க எடுத்துட்டாங்க. நம்ம ஊர்ல எடிட் பண்ணும்போது ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, இல்லாம ஒரு நிமிஷம் விட்டா "என்னண்ணே காலியா இருக்கு"ன்னு உடனே கேக்குறாங்க. காலியா இருக்கட்டும், விடுங்க!

அதே சீன்ல ரூல், அதாவது அந்த மிருகத்தால என்ன முடியும், என்ன முடியாதுங்கிறது, எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. அசையாம நின்னா டி-ரெக்ஸ் கண்ணுக்குத் தெரியாதுங்கிற விசயம் படத்தோட தொடக்கத்துலயே ஒரு சின்னப் பையன மிரட்டுற மாதிரி பேச்சுவாக்குல சொல்லப்பட்டுடுச்சு. இங்க வந்தா அந்தச் சின்னப் பொண்ணு கையில டார்ச் லைட், பயத்துல அடிச்சுட்டா, அணைக்கத் தெரியல, ஒளி இங்கயும் அங்கயும் ஆடுது. நமக்கு ரூல் தெரியும், அவளுக்குத் தெரியாது, நாம சீட்ல உக்காந்துகிட்டு "அணைம்மா, அணைம்மா"ன்னு மனசுக்குள்ள கத்தறோம். அந்த நேரம் ஜன்னல் பக்கத்துல அந்தப் பெரிய கண்ணு, வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்குற ஒரு கிளோஸப். ஒரே ஷாட்ல அது பாத்துடுச்சுன்னு சொல்லியாச்சு, யாரும் வாயத் திறக்கல.

இப்ப ரூல் குடுத்துட்டு அந்த ரூல வச்சே ஏமாத்துறது எப்படின்னு பாக்கணும்னா, ஜேம்ஸ் கேமரூன் 1986-ல எடுத்த ஏலியன்ஸ் பாருங்க. சோல்ஜர்ஸ் கையில ஒரு கருவி, அசையிற பொருள் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு மீட்டர் கணக்குல காட்டும், பீப் பீப்னு அடிக்கும், கிட்ட வர வர சத்தம் ஏறும். அவ்வளவு எளிமையான கருவி. கதவை எல்லாம் அடைச்சுட்டு உள்ள நிக்கிறாங்க, கரண்ட் கட், சிவப்பு லைட், நம்பர் குறையுது, குறையுது, கடைசில அந்த நம்பர் ரூமோட நீளத்த விடக் குறைவா காட்டுது, ஆனா ரூம்ல யாரும் இல்ல. நீ தப்பா படிக்கிறன்னு ஒருத்தருக்கு ஒருத்தர் கத்திக்கிறாங்க. நமக்கு அப்பத்தான் உறைக்குது, மேல பாக்கல, சீலிங்க யாரும் யோசிக்கல. அந்த இடத்துல கேமரா அவசரப்படவே இல்ல, மூஞ்சிங்க, கருவி, மூஞ்சிங்க, கருவின்னு மாத்தி மாத்திப் போகுது, கட்டோட வேகம் பீப்போட வேகத்துக்கு ஏத்த மாதிரி ஏறுது. வேகமா வெட்டுனா டென்ஷன் வராது தம்பி, ஏற ஏற வெட்டணும், ஏறணும்னா கீழ இருந்து ஆரம்பிக்கணும் இல்லையா?

நம்ம தமிழ்ப் படத்துக்கு வர்றேன். 2010-ல ஷங்கர் எடுத்த எந்திரன் வந்தப்ப எல்லாரும் பேசினது கிளைமாக்ஸ்ல நூத்துக்கணக்கான ரோபோ சேர்ந்து பந்தா, பாம்பா, சுவரா மாறுறதப் பத்தித்தான், பிரம்மாண்டம்தான், நானும் கை தட்டினேன். ஆனா டென்ஷன்னு பாத்தா அதுக்கு முன்னாடி வர்ற சீன்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் படத்துலயே பெஸ்ட். ரோபோவ உருவாக்கின விஞ்ஞானி வசீகரன் ரோபோ மாதிரி வேசம் போட்டுட்டு ரோபோ கூட்டத்துக்குள்ள போய் நிக்கிறார், உள்ள ஒரு மனுசன் இருக்கான்னு வில்லனா மாறின ரோபோ சிட்டிக்குத் தெரிஞ்சுபோச்சு, தேடிட்டு வர்றான். எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. ரூல் என்ன? மெஷினுக்கு மூச்சு இல்ல, வேர்வை இல்ல, பயம் இல்ல. ஒண்ணும் விளக்க வேண்டியதே இல்ல, மனுசனாப் பொறந்த எல்லாருக்கும் தெரிஞ்ச ரூல். அதனால நாம திரையில ஒவ்வொரு மூஞ்சியா தேடறோம், கண்ணு அசையுதா, தொண்டை ஏறி இறங்குதான்னு பாக்குறோம். வெடி இல்ல, ஓட்டம் இல்ல, ஒரு ஆளு நடக்குறான், மத்தவங்க நிக்கிறாங்க, ரஜினி சாரோட நடைதான் அங்க ஆக்‌ஷன். அந்த சீன இந்த வாரம் திரும்பப் போட்டுப் பாருங்க, சவுண்ட நிறுத்தி ஒரு தடவ, சவுண்டோட ஒரு தடவ.

2021-ல வந்த மாநாடு வேற ஒரு சிக்கலைத் தொட்டுச்சு. ஹீரோ செத்தா அந்த நாள் திரும்ப ஆரம்பிச்சிடும், பிளேன்ல கண் முழிப்பார். இப்படி ஒரு ரூல் வச்சா டென்ஷனே செத்துடணும், ஏன்னா சாவுக்கே மதிப்பு இல்ல. வெங்கட் பிரபு அங்க என்ன பண்றார்னா வில்லனுக்கும் அந்த ஞாபகத்தக் குடுத்துடறார். உடனே சாவு முக்கியமில்ல, யாருக்கு எவ்வளவு தெரியும்ங்கிறது முக்கியமாயிடுது. எடிட்டிங் பாருங்க, முதல் தடவ முழுசா காட்டின விசயம் அடுத்தடுத்த தடவ ரெண்டு மூணு ஷாட்ல முடிஞ்சிடும், ஏன்னா நமக்கு ரூல் தெரிஞ்சாச்சு, இனிமே வேகமாப் போகலாம்.

விண்வெளிப் படங்களப் பத்தி நிறைய பேசலாம், ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன். அங்க காத்து இல்ல, சத்தம் போகாது. 2013-ல வந்த கிராவிட்டி படத்துல அந்த உடைஞ்ச சாட்டிலைட் துண்டுங்க பூமியச் சுத்தி 90 நிமிஷத்துக்கு ஒரு தடவ திரும்பி வரும்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க, கடிகாரமும் செட் பண்ணியாச்சு. அடுத்த தடவ வரும்போது எந்த வெடிச் சத்தமும் இல்லாம ஹீரோயினோட முதுகுக்குப் பின்னாடி ஸ்டேஷன் சுக்குநூறா கிழியுது. அவங்க வேலையில மும்முரமா இருக்காங்க, நாம பின்னாடி நடக்கிறதப் பாக்குறோம். பிசிக்ஸ் உண்மையா இருந்ததாலதான் அந்த ஷாட் கிடைச்சது, அதனால சயின்ஸ ஒழுங்காப் படிச்சுட்டு எழுதுங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கோலாலம்பூர்ல இப்படி ஒரு சீன் எடுக்கணும்னா எங்க எடுப்பீங்கன்னு கேட்டா உடனே கே.எல்.சி.சி. இரட்டைக் கோபுரம்னு சொல்லுவீங்க. நான் ஸ்மார்ட் டனல்னு சொல்லுவேன். 2007-ல திறந்தது, மொத்தம் 9.7 கிலோமீட்டர், வெள்ளத் தண்ணியத் திருப்பி விடறதுக்கும் காடி போறதுக்கும் ஒரே சுரங்கம், உலகத்துல வேற எங்கயும் இப்படிப் பெரிசா நினைச்சுப் பாத்தவங்க கம்மி. அதோட ரூல் இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரியும்: சாதாரண நாள்ல ரோடு. மழை கொஞ்சம் பலமா வந்தா ரோட்டுக்குக் கீழ இருக்கிற வாய்க்கால்ல தண்ணி விடுவாங்க, மேல காடி ஓடிட்டேதான் இருக்கும். ரொம்பப் பெரிய மழைன்னா எல்லாரையும் வெளியேத்தி, ரோட்ட மூடி, கேட்டத் திறந்து மொத்த சுரங்கத்தையும் தண்ணிக்குக் குடுத்துடுவாங்க.

யோசிங்க, இது ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதைக்கு ரெடிமேட் ரூல். கொஞ்ச வருசம் கழிச்சு நடக்குற கதைன்னு வச்சுப்போம், கேட்ட மூடறதும் திறக்குறதும் ஒரு கம்ப்யூட்டர் மூளை, அது உள்ள காடி இல்லைன்னு முடிவு பண்ணிடுச்சு, ஆனா ஒரு காடி உள்ள நின்னு போச்சு, அக்காவும் தம்பியும் உள்ள. சீனை எங்க ஆரம்பிப்பீங்க? தண்ணியில ஆரம்பிக்காதீங்க. டோல்ல ஆரம்பிங்க, மழை, வைப்பர், ரேடியோவுல பாட்டு, மேல எலெக்ட்ரானிக் போர்டுல ஒரு எச்சரிக்கை, அக்கா அதைப் பாக்கல, தம்பி ஃபோன் பாக்குறான். உள்ள போனதும் மழைச் சத்தம் டக்குனு நின்னுடும், நீங்க எல்லாரும் அத அனுபவிச்சிருப்பீங்க, அந்த அமைதிய அப்படியே வச்சுக்குங்க. வண்டி நிக்குது. வைட் ஷாட் ஒண்ணு போட்டு ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம், எமர்ஜென்சி கதவு எந்தப் பக்கம்னு காட்டிடுங்க, இத விட்டுட்டா அப்புறம் ஓடறது எல்லாம் வீண், எங்க ஓடறாங்கன்னே தெரியாது. பாதுகாப்புக் கதவோட பச்சை லைட் ஃப்ரேம்ல ஒரு ஓரத்துல எப்பவும் இருக்கட்டும். அப்புறம் கீழ இருந்து ஒரு முழக்கம், ரோட்டுக்கு அடியில. தம்பி கேக்குறான், "அக்கா, லோரியா?" இந்தச் சுரங்கத்துல லோரிக்கு அனுமதி கிடையாது, மோட்டர்சைக்கிளுக்கும் கிடையாது, கே.எல்.காரங்களுக்கு அது தெரியும், தியேட்டர்ல ஒருத்தருக்காவது அந்த இடத்துல மயிர்க்கூச்செறியும்.

அதுக்கப்புறம் லைட்டுங்க தூரத்துல இருந்து ஒண்ணொண்ணா அணையட்டும். தண்ணியக் காட்டவே வேணாம், காத்து வரட்டும் முதல்ல, அக்காவோட துப்பட்டா தண்ணி வர்ற பக்கத்துல இருந்து பறக்கட்டும், ஒரு பிளாஸ்டிக் பாட்டில் உருண்டு வரட்டும். ஃபேன் ஒண்ணு, ஃபோன் கேமரா ஒண்ணு, ஏதாவது ஒரு ஃபிளாட்டோட பேஸ்மென்ட் கார் பார்க் இருந்தா போதும், பெரிய சுரங்கம் உங்களுக்குத் தேவையே இல்ல. ஓடும்போது மட்டும் கேமராவக் கையில எடுங்க, அதுவரைக்கும் டிரைபாட்லயே இருக்கட்டும், முன்னாடியே ஆட்டிட்டீங்கன்னா ஓடும்போது ஆட்டுறதுக்கு அர்த்தம் இல்லாமப் போயிடும். அக்கா கதவ எட்டிப் புடிச்ச நேரத்துல பின்னாடி திரும்பிப் பாப்பா, அந்த பார்வை ஷாட்ட ரெண்டு செகண்ட் அதிகமா பிடிங்க, அவ என்ன பாத்தான்னு காட்டாம கதவ மூடுங்க. தண்ணி கதவுல வந்து மோதுற சத்தம் மூடின பிறகு வரட்டும்.

சவுண்டுக்குத் தயவுசெஞ்சு தனியா ஒரு ஆள் வைங்க, மைக் வாடகைக்கு எடுங்க, கேமராவுக்குச் செலவழிக்கிற ரிங்கிட்ல பாதியாவது அங்க போகட்டும். ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கிறவங்க இப்ப மேல வாங்க, ஒவ்வொருத்தரும் உங்க சீனோட ரூல ஒரே வரியில சொல்லுங்க, சொல்ல முடியலைன்னா நாம எல்லாரும் சேர்ந்து உக்காந்து கண்டுபுடிப்போம், ஹால் ஒம்பது மணி வரைக்கும் நமக்குத்தான்.