விலை உயர்ந்த டெக் பங்குகள் சந்தைச் சரிவைத் தாங்குமா?

[திரையில்: சீனன்குடா, சீமெந்துத் தொழிற்சாலை]

வணக்கம், திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். திரையில் இருப்பது டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை. கொழும்புப் பங்குச் சந்தையில் இந்தக் கம்பனியின் பங்கை வாங்கலாம். வாங்க நினைப்பவர் முதலில் இரண்டு விஷயம் பார்ப்பார்: வருட இலாபம் எவ்வளவு, அந்த இலாபத்தைப்போல் எத்தனை மடங்கு விலை கேட்கிறார்கள்?

அமெரிக்க டெக் பங்குகள் சிலவற்றில் இந்த மடங்கு 40, 60 என்று ஏறிவிடும். கனடாவிலும் லண்டனிலும் உள்ள எங்கள் சொந்தக்காரர் பலரின் ஓய்வூதியப் பணம் அந்தப் பங்குகளிலும் போடப்பட்டிருக்கிறது. அதனால் அவை சரிவைத் தாங்குமா என்பது எங்கள் வீட்டுக் கேள்வியும்தான்.

நான் நினைப்பது இதுதான்: கம்பனி தாங்கலாம், விலை தாங்காது.

[திரையில்: 60, பிறகு 20]

ஒரு பங்குக்கு 1 டொலர் இலாபம், விலை 60 டொலர் என்று வைப்போம். சந்தை பயந்துபோய் 20 மடங்கு போதும் என்று முடிவெடுத்தால், விலை 20 டொலர். கம்பனி எந்தத் தவறும் செய்யவில்லை, இலாபமும் குறையவில்லை. அதே 20 மடங்கில் பழைய விலைக்கு வர இலாபம் 3 டொலராக வேண்டும். வருடத்துக்கு 20 வீதம் வளர்ந்தாலும் 6 வருடம் பிடிக்கும். அப்படித் தொடர்ந்து வளரும் கம்பனிகள் மிகக் குறைவு.

சரி, மடங்கு ஏன் குறைகிறது? பயம் ஒரு காரணம், வட்டி இன்னொன்று. 2022 ஏப்ரலில் எங்கள் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடமே நிலையான வைப்பு வட்டி 20 வீதத்தைத் தாண்டியது. வங்கியில் அவ்வளவு கிடைக்கும்போது, பத்து வருடம் கழித்து வரப்போகும் இலாபத்துக்கு இன்றைக்கே யார் பெரிய விலை கொடுப்பார்?

[திரையில்: 82, பிறகு 61]

பத்து வருடம் கழித்துக் கிடைக்கும் 100 டொலருக்கு, வட்டி 2 வீதமானால் இன்றைய மதிப்பு 82 டொலர்; இன்றைக்கு 82 டொலரை அந்த வட்டிக்குப் போட்டால் அப்போது 100 ஆகிவிடும். 5 வீதமானால் 61 தான். அடுத்த வருடமே வரும் 100 டொலர் என்றால் 98 இலிருந்து 95 ஆக மட்டும் இறங்கும். டெக் பங்குகளின் விலையில் பெரும்பகுதி தூரத்து இலாபத்துக்குக் கொடுப்பது. அதனால் அடியும் அங்கேதான் பலமாக விழும்.

அமெரிக்காவிலும் 2022 இல் வட்டி ஏறியது, டெக் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் பங்குச் சுட்டெண் 33 வீதம் விழுந்தது. 2,000 கோடி டொலருக்கு மேல் இலாபம் காட்டிய, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் பங்கே 64 வீதம் சரிந்தது. ஆனால் அடுத்த வருடம் கிட்டத்தட்ட மூன்று மடங்காக எழுந்தது.

எல்லா முறையும் அப்படி நடப்பதில்லை. 2000 மார்ச் 10 அன்று 5,048 இல் முடிந்த நாஸ்டாக், 2002 அக்டோபருக்குள் 78 வீதத்தை இழந்தது. பழைய உச்சத்தைத் தொட 2015 ஆனது. இலாபமே இல்லாத டொட்கொம் கம்பனிகள், அதாவது அந்தக் கால இணையக் கம்பனிகள், அழிந்த கதை எல்லோருக்கும் தெரியும். என்னை அதிகம் யோசிக்க வைப்பது மைக்ரோசொப்ட். அது அழியவில்லை, நட்டத்திலும் ஓடவில்லை. விற்பனை மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்தது. அப்படியிருந்தும் 1999 டிசம்பரில் தொட்ட விலையைத் தாண்ட 2016 வரை போனது. உச்சத்தில் வாங்கியவர் தேர்ந்தெடுத்தது நல்ல கம்பனிதான், கொடுத்த விலைதான் அதிகம்.

இன்றைய பெரிய டெக் கம்பனிகளிடம் உண்மையான இலாபம் இருக்கிறது. 2000 உடன் அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் தரவு மையங்களில் அவை பெருந்தொகையைக் கொட்டுகின்றன. அங்குள்ள இயந்திரங்கள் சில வருடங்களிலேயே பழசாகும், அந்தத் தேய்மானம் இலாபத்திலிருந்துதான் கழியும். இலாபமும் மடங்கும் ஒன்றாக இறங்கினால் அடி இரட்டிப்பாகும். ஆகவே காலாண்டு அறிக்கை வரும்போது இலாபத்தோடு நிறுத்தாமல், செலவெல்லாம் போக மிஞ்சும் காசையும் பாருங்கள். அப்புறம், ரொறொன்ரோவில் இருக்கும் தம்பி இரண்டு வருடத்தில் வீடு வாங்க வைத்திருக்கும் பணத்தை இந்த டெக் பங்குகளில் போட்டிருந்தால், இன்றைக்கே அவரோடு பேசுங்கள்.