தவறு என்று தெரிந்திருந்ததா?

நேயர்களுக்கு வணக்கம்.

2001 ஜூன் 20 அன்று காலையில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரின் புறப்பகுதியில் ஆண்ட்ரியா யேட்ஸ் என்ற தாய் தன் ஐந்து குழந்தைகளையும் குளியல் தொட்டியில் மூழ்கடித்துக் கொன்றார். கணவர் வேலைக்குப் புறப்பட்ட பின், மாமியார் வந்து சேர்வதற்கு முன், இடையில் கிடைத்த ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இது நடந்தது. மூத்தவனுக்கு ஏழு வயது. கடைக்குட்டிக்கு ஆறு மாதம். பிறகு காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தவரும் அவரே. பின்னாளில் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக வலுவாக நின்ற சான்றுகளுள் அந்த அழைப்பும் ஒன்று.

இவர் திடீரென்று நோயுற்றவர் அல்லர். நான்காவது குழந்தை பிறந்தபின், 1999இல், இருமுறை தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இன்னொரு குழந்தை பெற்றால் நோய் திரும்பக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். 2000 நவம்பரில் ஐந்தாவது குழந்தை பிறந்தது. அடுத்த மார்ச்சில் தந்தையை இழந்தார். பேச்சும் உணவும் குறைந்து மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றார். ஜூன் தொடக்கத்தில் அவருடைய மனநோய் மருந்து நிறுத்தப்பட்டது. அடுத்த சில வாரங்களுக்குள் ஐந்து பிள்ளைகளும் இறந்துபோயிருந்தார்கள்.

பேறுகாலத்தை அடுத்து வரும் தீவிர மனநோய், ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் வருவது. பிள்ளை பெற்ற பல தாய்மாருக்குச் சில நாள் வந்து போகும் அழுகையும் சோர்வும் வேறு, இது வேறு. உறக்கம் அறுந்துபோகும், இல்லாத குரல் கேட்கும், அசைக்க முடியாத பொய்நம்பிக்கைகள் மனத்தைப் பற்றிக்கொள்ளும். காய்ச்சலோடு வரும் பிதற்றலையும் இதையும் பிரித்தறியாமல் 'பிரசவ ஜன்னி' என்று நம் வீடுகளில் சொல்லிவந்தார்கள். நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை, உரிய மருத்துவத்தில் நலமடைகிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டெக்சாஸ் சட்டம் இத்தகைய வழக்கில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: கடுமையான மனநோயின் காரணமாக, தான் செய்வது தவறு என்பதை அவர் அறியாதிருந்தாரா? இந்தக் கேள்வியின் வேர் 1843இல் இங்கிலாந்தில் இருக்கிறது. பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற மக்நாட்டன் என்பவரின் வழக்கையொட்டி வகுக்கப்பட்ட விதியிலிருந்து இது வந்தது. யேட்ஸின் மனநிலையோ இந்தக் கேள்விக்குள் அடங்கவில்லை. தான் கெட்ட தாய், தன்னால் பிள்ளைகள் வழிதவறி நரகத்துக்குப் போய்விடுவார்கள், கபடமறியாத வயதிலேயே கொன்றுவிட்டால் அவர்கள் காப்பாற்றப்படுவார்கள், அரசு தனக்கு மரண தண்டனை கொடுக்கும்போது தன்னுள் இருக்கும் சாத்தானும் அழிவான் என்று அவர் நம்பினார். சட்டம் தண்டிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தண்டனையே அவருடைய பொய்நம்பிக்கையின் ஒரு பகுதியாக இருந்தது. "தெரிந்திருந்ததல்லவா?" என்று அரசுத் தரப்பு கேட்டபோது, தெரிந்திருந்தது என்பது உண்மைதான், அந்த உண்மையை நோயே அவருக்கு வேறு பொருளில் காட்டியிருந்தது.

அரசுத் தரப்பில் சாட்சியளித்த மனநல வல்லுநர் பார்க் டீட்ஸ், யேட்ஸ் தவற்றை அறிந்தே செய்தார் என்றார். தூண்டியவன் சாத்தான் என்று இவர் நம்பியதே, சாத்தான் சொல்வது தவறு என்று தெரிந்திருக்கும் என்ற கணக்கில், அதற்கு ஓர் ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. 2003இல் அதே மாநிலத்தில் கடவுளின் கட்டளை என்று நம்பித் தன் இரு மகன்களைக் கல்லால் அடித்துக் கொன்ற இன்னொரு தாயை, அதே வல்லுநர் சட்டப்படி சித்தசுவாதீனம் இல்லாதவர் என்றார். அந்தத் தாய் 2004இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். கேட்ட குரல் யாருடையது என்பதைப் பொறுத்துச் சிறையா மருத்துவமனையா என்று முடிவாகுமானால், அளவுகோலே பழுதானது என்பது என் கருத்து.

2002 மார்ச்சில் யேட்ஸ் கொலைக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, மரண தண்டனையை மறுத்ததால் ஆயுள் தண்டனை கிடைத்தது. சித்தசுவாதீனமின்மை என்று தீர்ப்பளித்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அடுத்து என்ன நேரும் என்பதை ஜூரியிடம் சொல்வதற்கு டெக்சாஸ் சட்டம் தடை விதிக்கிறது. விடுவித்தால் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுவாரோ என்று ஒரு ஜூரி உறுப்பினர் அஞ்சினால், அந்த அச்சத்தைத் தீர்ப்பவர் எவரும் இல்லை. தாய் ஒருத்தி பிள்ளைகளை மூழ்கடித்து விடுதலை பெறும் தொலைக்காட்சிக் கதை ஒன்று கொலைகளுக்குச் சற்று முன் ஒளிபரப்பானதாக டீட்ஸ் கூறியிருந்தார். அப்படி ஒரு கதையே இல்லை என்பது வெளிப்பட்டதால், 2005 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. 2006 ஜூலையில், மறுவிசாரணையில், சித்தசுவாதீனமின்மையால் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அவர் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். செய்த செயலும் இருந்த நோயும் மாறவில்லை. தீர்ப்பு மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை இங்கிலாந்து 1922இல் திறந்து, 1938இல் விரிவாக்கியது. பிள்ளைப்பேற்றின் விளைவால் மனச்சமநிலை குலைந்திருந்த தாய், ஓராண்டுக்குட்பட்ட தன் குழந்தையைக் கொன்றால், அது கொலையாகாமல் அதனினும் குறைந்த குற்றமாகும். தண்டனையை நீதிபதி நிலைமைக்கேற்ப அமைக்கலாம். கனடாவில் இதற்கு உச்சத் தண்டனை ஐந்தாண்டு. டெக்சாஸிலும் 2009இல் இப்படியொரு மசோதா வந்து, நிறைவேறாமல் போயிற்று. யேட்ஸ் வழக்கைப் பேசுவோர் பலர் இந்த ஆங்கிலச் சட்டத்தையே தீர்வாகக் காட்டுகிறார்கள். ஆனால் அது ஆறு மாதக் குழந்தையின் மரணத்துக்கு மட்டுமே பொருந்தும்; ஏழு வயது மகனுக்குப் பொருந்தாது. அங்கே அந்த இடைவெளியை ஈடுகட்டுவது, மனநோயால் குறைந்த பொறுப்பு என்று 1957இல் ஏற்கப்பட்ட வேறொரு வாதம்.

நம் நாட்டில் இந்த இரண்டு வழியும் இல்லை. சிசுக்கொலை என்றதும் தமிழ் நேயர்களுக்கு உசிலம்பட்டி நினைவுக்கு வரலாம். நான் பேசுவது அதுவன்று, பிள்ளைகளை இடுப்பில் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்துவிடும் தாயைப் பற்றி. பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் அதே மக்நாட்டன் கேள்வியைத்தான் கேட்கின்றன. அந்தப் படியை எட்டாத மனநோய்க்குச் சட்டத்தில் இடமில்லை. கொலை என்று முடிவானால் தண்டனை மரணம் அல்லது ஆயுள். அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது. 1950களின் தொடக்கத்தில், மூன்று பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துப் பிழைத்த ஒரு பெண்ணின் வழக்கு அன்றைய மத்திய பாரத் மாநிலத்தின் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. குடும்பச் சண்டையின் வேதனையில் செய்தது என்பதை உணர்ந்திருந்தும், கொலை என்பதை நீதிமன்றம் உறுதி செய்தது. தானாகத் தண்டனையைக் குறைக்க முடியாததால், குறைக்கும்படி அரசுக்குப் பரிந்துரைத்தது. புதிய சட்டம் எழுதப்பட்டபோதும் இந்த நிலை மாற்றப்படவில்லை.

வணக்கம்.