பாட்டிக்கு ஒன்றும் இல்லையா?

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், பின்னால் பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் அவையோருக்கும் வணக்கம். வணக்கம் அவ்வளவுதான். நம் ஆட்கள் பாதி நேரத்தை மரியாதைக்கே செலவழித்துவிட்டு, மணி அடித்ததும் நடுவரை முறைப்பார்கள். எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

தொலைக்காட்சித் திறன் போட்டிகளைத் தூக்கி நிறுத்துவது திறமையா, கண்ணீரா? இதுதான் தலைப்பு. நான் கண்ணீர் அணி. "இவருக்குச் சீட்டுக் குலுக்கலில்தான் இந்த அணி விழுந்தது" என்று எதிரணித் தலைவி, தமிழாசிரியை அக்கா, குத்திக் காட்டினார். விழுந்தது உண்மைதான் அக்கா. விழுந்த இடம் நல்ல இடம்.

மூன்று காரணங்கள் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் என் அக்கா வீட்டுக் கதை ஒன்று.

அக்கா மகன் நன்றாகப் பாடுவான். ஒரு குழந்தைகள் பாட்டுப் போட்டியில் தேர்வாகிவிட்டான். எந்த நிகழ்ச்சி, எந்த ஒளிவழி என்று கேட்காதீர்கள். அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், வீட்டுக்குப் போனதும் எனக்குச் சோறு கிடைக்காது. பிள்ளை பாடுவதற்கு முன்னால் அவன் குடும்பத்தைப் பற்றித் திரையில் ஒரு துண்டு காட்டுவார்களே, அதை எடுக்க இரண்டு தம்பிகள் கேமராவோடு உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

முதல் கேள்வி: "வீட்டில ஏதாவது கஷ்டம் உண்டா மேடம்?"

அக்கா யோசித்தார். "லிஃப்ட் போன வாரம் ரிப்பேர்."

"அது இல்ல மேடம். மனசுக்குக் கஷ்டம்."

"கணக்குல மார்க் கொஞ்சம் கம்மி."

தம்பி குறிப்பேட்டை மூடித் திறந்தார். "பையனோட அப்பா?"

"பேங்க்ல வேலை."

"தாத்தா?"

"கீழ புளோக்குக்கு அடியில கேரம் ஆடிட்டு இருக்கார்."

கடைசி நம்பிக்கையாக அவர் கேட்டார்: "பாட்டி?"

"இருக்காங்க. நல்லா இருக்காங்க. தேக்காவுக்கு மீன் வாங்கப் போயிருக்காங்க."

"அய்யோ!" என்றார் தம்பி.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் சொல்கிறேன். பாட்டி நலமா என்று கேட்டார்கள். நலம் என்றோம். அதற்குத்தான் அந்த "அய்யோ!" ஒரு மனுஷி உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் தேக்காவில் வஞ்சிர மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பதற்காக ஒருவர் வருத்தப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதற்குள் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பாட்டி, அதாவது எங்கள் அம்மா, வந்துவிட்டார், தள்ளுவண்டிப் பையில் மீனோடு. தம்பிகளுக்கு உயிர் வந்தது. "பாட்டி, நீங்க படுத்திருக்கணும். பேரன் பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்குவான். 'உங்களுக்காகத்தான் பாடுறேன் பாட்டி'ன்னு சொல்லுவான்."

அம்மா கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு நேரம் படுக்கணும்? மீன் கெட்டுப் போயிடும்."

மீனைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அறைக்குள் போனார். போனவர் வரவே இல்லை. கேமரா தயார், கட்டில் தயார், போர்வை தயார். கதவு திறந்தது. காஞ்சிபுரம் பட்டு, கழுத்தில் அட்டிகை, தலையில் பூ. நோயாளி தயார்!

"பாட்டி, சாதாரணப் புடவை போதும் பாட்டி..."

"தம்பி, ஊரே பார்க்கும். படுக்கச் சொல்றியா, படுக்கிறேன். இதோடதான் படுப்பேன்."

படுத்தார். அட்டிகை போர்வைக்கு வெளியே தெரிகிற மாதிரிப் படுத்தார். "கொஞ்சம் அழுங்க பாட்டி" என்றார்கள். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எதுக்குப்பா அழணும்? பையன் செலக்ட் ஆகியிருக்கான்!"

நடுவர் அவர்களே, இதற்கு அந்தத் தம்பியிடம் பதில் இல்லை. எதிரணியிடமும் இருக்காது.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. பட்டை அவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்படியில் மீன் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். கேமராத் தம்பி சும்மா இருப்பாரா? ஒளிபரப்பான அன்று குடும்பத்தோடு பார்த்தோம். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். முகம் மட்டும் பெரிதாக. பின்னணியில் வயலின். வெங்காயம் திரைக்கு வெளியே! நடுவர் ஒருவர் மூக்கை உறிஞ்சுகிறார். பையனுக்கு அன்று சரணத்தில் சுருதி நழுவியது, பாட்டுத் தெரியாத எனக்கே தெரிந்தது. ஆனாலும் அடுத்த சுற்றுக்குப் போனான். அடுத்த வாரம் பிசிறில்லாமல் பாடினான். பாட்டி இல்லை, வயலின் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டான்.

சரி, இப்போது அறிவார்ந்த வாதத்துக்கு வருகிறேன். எதிரணியில் பெயர் பெயராக அடுக்கினார்கள். 2004 இல் பாட்டுப் போட்டியில் வென்று நம் சிங்கப்பூர் ஐடல் ஆன தௌஃபிக் பாத்திஷா. 2006 இல் வென்று, அடுத்த ஆண்டே ஆசிய ஐடலையும் தட்டிக்கொண்டு வந்த ஹாடி மிர்சா. விஜய் டிவி மேடையில் மிமிக்ரி செய்து கதாநாயகன் ஆன சிவகார்த்திகேயன். திறமைசாலிகள்தான், யார் இல்லை என்றது? ஆனால் திறமைதான் தீர்மானிக்கிறது என்றால், 2004 இல் அமெரிக்கன் ஐடலில் பாடிய ஜெனிஃபர் ஹட்சனை ஏழாவது இடத்தோடு ஏன் அனுப்பி வைத்தார்கள்? அந்தப் பெண் 2007 இல் ஆஸ்கர் வாங்கினார்.

சூசன் பாயிலை இழுத்தார் ஆசிரியை அக்கா. 2009, 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' போட்டி, 47 வயது ஸ்காட்லாந்துப் பெண்மணி. அவர் பாட வாயைத் திறப்பதற்கு முன்னால் கேமரா எங்கே போனது? கூட்டத்தில் கண்ணை உருட்டிக் கேலி செய்த ஒரு பெண்ணிடம் போனது. முதலில் அவமானத்தைக் காட்டு, அப்புறம் பாட்டைக் காட்டு, அப்புறம் அரங்கமே எழுந்து நிற்பதைக் காட்டு. சூசனை உலகத்துக்கே தெரியும். அந்த ஆண்டு போட்டியில் ஜெயித்தது யார்? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்... ஒருவரும் இல்லையா? டைவர்சிட்டி என்ற நடனக் குழு. சூசன் இரண்டாவது. முதல் பரிசு வாங்கிய திறமை உங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை!

2010 இல் நெதர்லாந்தில் தி வாய்ஸ் என்ற பாட்டுப் போட்டியை ஆரம்பித்தார்கள். முகத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று நடுவர்களின் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். குரல் மட்டும். ஆகா, திறமைக்கு வந்தது காலம் என்று நினைத்தேன். பார்த்தால், மேடைக்குப் பின்னால் தொகுப்பாளரோடு அம்மா, அப்பா, தங்கை எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அங்கே ஒரு கேமரா. நாற்காலியைத் திருப்பினார்களே தவிர, நம்மைத் திருப்பவில்லை.

இது முதல் காரணம். இரண்டாவதற்குப் போவதற்குள் ஆசிரியை அக்கா சொன்ன ஒரு வார்த்தை தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. "எதிரணித் தம்பி குளியலறையில் பாடியதற்கே பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினாராம். இவரா திறமையைப் பற்றிப் பேசுவது?" அதற்கு நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நடுவர் கூடச் சிரித்தார், பார்த்தேன்.

தட்டினார். மறுக்கவில்லை. ஈசூனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு சீனப் பெரியவர். தட்டியது ஞாயிற்றுக்கிழமை இரவு. ஆனால் அவர் என் பாட்டைக் கேட்டு வரவில்லை அக்கா, அழுகையைக் கேட்டு வந்தார்!

கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு கோடாலித் தைலம். முகத்தில் கவலை. பசார் மலாயில் கேட்கிறார்: யாருக்கு என்ன ஆச்சு? போன ஞாயிறும் அழுகைச் சத்தம், அதற்கு முந்தின ஞாயிறும் அழுகைச் சத்தம். இந்த வீட்டில் வாரா வாரம் ஆள் போய்க்கொண்டிருக்கிறதா?

உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சோபாவில் அம்மா, என் மனைவி, பார்க்க வந்த மாமியார். மூன்று பேரும் அழுகிறார்கள். என் மாமியாரும் அம்மாவும் ஒரே விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தது அன்றுதான். திரையில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் போட்டியிலிருந்து வெளியேறுகிறான். அவ்வளவுதான் அங்கிள், எங்கள் வீட்டில் நடந்த துக்கம்.

அவர் போகவில்லை. உட்கார்ந்துவிட்டார். தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. வெளியேறும் பையன் கடைசியாக ஒரு பாட்டுப் பாடினான். ராகம், பிருகா, சங்கதி, திறமை எல்லாம் கொட்டினான். அங்கிள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்களுக்கென்று கொண்டுவந்த தைலத்தைத் திறந்து தன் நெற்றியிலேயே தேய்த்துக்கொண்டார். அக்கா, சொல்லுங்கள், பாட்டுக்கு அசையாத மனுஷனை எது அசைத்தது?

கைதட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் இந்தக் கதையில் பாதியைத்தான் சொன்னேன்.

கேரம் ஆடிக்கொண்டிருந்தார் என்று சொன்னேனே, என் அப்பா, அவர் இறந்த ஆண்டு அது. அதற்கு அப்புறம்தான் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மண்டாய் தகனச்சாலைக்கு அப்பாவைக் கொண்டு போன அன்று அம்மா அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாயா என்று என்னைக் கேட்டார். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார். பேரனுக்குப் பசிக்கும், பார் என்றார். மற்றவர்கள் அழுதோம், அவர் எங்கள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். அதிகாலையில் எழுவார், எல்லாருக்கும் சமைப்பார். நான் வேலைக்குப் போய்விடுவேன், மனைவி வேலைக்குப் போய்விடுவாள், மகளுக்குப் பள்ளிக்கூடம், அது முடிந்தால் துணைப்பாட வகுப்பு. பகல் முழுக்க அம்மாவுக்குத் துணை அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி. 2008 இல் வசந்தம் தனி ஒளிவழி ஆவதற்கு முன்னால், தமிழுக்குக் கிடைத்த நேரத்துக்கு அப்பாவும் அம்மாவும் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். பாடுகிறவன் தப்பாகப் பாடினால் அப்பா திட்டுவார், பாவம் சின்னப் பையன் என்று அம்மா பரிந்து பேசுவார். இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லை.

அந்த ஞாயிறு, தஞ்சாவூர்ப் பையன் மைக்கைப் பிடித்து, ஊரில் இருக்கும் தன் அப்பாவிடம், "வந்துடறேன்பா" என்றான். இவ்வளவுதான் சொன்னான். மண்டாயில் வராத அழுகை அம்மாவுக்கு அப்போது வந்தது. என் மனைவியும் மாமியாரும் பையனுக்காகத்தான் முதலில் அழுதார்கள், அப்புறம் அம்மாவைப் பார்த்து அழுதார்கள். பக்கத்து வீட்டு அங்கிளும் திரையைப் பார்த்து அழவில்லை. சுவரில் மாலை போட்ட அப்பா படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், விஷயம் புரிந்துகொண்டார். சத்தத்தைக் குறைக்கலாம் என்று நான் ரிமோட்டை எடுத்தேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்தார். விடு, அழட்டும் என்றார் மலாயில். தைலத்தை அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எதிரணி கேட்கும்: அது நிகழ்ச்சிக்காரன் திட்டம் போட்டு வரவழைத்த கண்ணீர்தானே என்று. இருந்துவிட்டுப் போகட்டும். வயலின் வாசித்தானோ, வெங்காயத்தை மறைத்தானோ, நாங்கள் பெற்ற பிள்ளைகள் எங்கள் அம்மாவுக்குச் செய்யாததை அவன் செய்தான். அப்பாவை நினைத்து அழ அவருக்கு ஓர் இரவைக் கொடுத்தான். அங்கே யார் சுருதி சுத்தமாகப் பாடினார்கள், யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டாவது காரணமும் மூன்றாவது காரணமும் என் அணித் தோழர் சொல்வார், தாளை அவரிடமே கொடுத்துவிடுகிறேன். நடுவர் அவர்களே, எங்கள் அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தீர்ப்பை அந்தப் பக்கம் கொடுத்தால், போகும்போது அவரிடம் நீங்களே விளக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.