‘ரோஜாவின் பெயர்’: கொலைகளுக்குப் பின்னால் ஒரு துறவு சபையின் வழக்கு

[திரையில்: பனி மூடிய மலை, உச்சியில் கல் மடம்]

1327, நவம்பர் கடைசி. வட இத்தாலியில் ஒரு மலைமேல் பெனடிக்ட் சபையாரின் மடம். சுவடிகளுக்கு ஓவியம் தீட்டிவந்த இளந்துறவி ஒருவர் செங்குத்துப் பாறையின் அடியில் பிணமாகக் கிடந்திருக்கிறார். மடத்துக்கு வந்து சேரும் பிரான்சிஸ்கன் துறவி வில்லியமிடம் விசாரணை ஒப்படைக்கப்படுகிறது. மறுநாள் காலையிலேயே, பன்றி இரத்தம் நிரப்பிய தாழிக்குள் தலைகீழாக இன்னோர் உடல்!

வணக்கம். ‘ரோஜாவின் பெயர்’ உம்பர்த்தோ எக்கோவின் முதல் நாவல். 1980-இல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது 48. பொலோனியா பல்கலைக்கழகத்தில் குறியியல், அதாவது குறிகளும் அவை பொருள் தரும் விதமும் பற்றிய துறையின் பேராசிரியர். கொலையாளி யார் என்று இங்கே சொல்லமாட்டேன். நான் பேச வந்தது, அவசரமாகப் படிப்பவர்கள் புரட்டித் தள்ளிவிடும் பக்கங்களைப் பற்றி.

[திரையில்: 1327 நவம்பர்]

ஏன் இந்த மாதம்? நாவலுக்குப் பின்னுரையாக எழுதிய குறிப்புகளில் எக்கோ காரணம் சொல்கிறார். நாவலிலும் வருகிற பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் செசேனா மைக்கேல் அந்த டிசம்பரில், பாப்பரசர் அப்போது ரோமை விட்டு வசித்துவந்த அவிஞோன் நகரில், அவருடைய பிடியில் இருந்தார். இது வரலாறு. ஆகவே கதை நவம்பருக்குள் முடிந்தாக வேண்டும். ஆனால் தாழிக்கு இரத்தம் வேண்டுமே! பன்றி அறுப்பது கடுங்குளிரில்தான். நவம்பரில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? மடத்தை மலைமேல் ஏற்றிவிட்டார், பனியும் வந்துவிட்டது. வரலாற்றுக்கு இவ்வளவு கட்டுப்பட்டு எழுதியதால்தான் இந்தக் கற்பனை நம்மை இப்படி நம்பவைக்கிறது.

[திரையில்: அசிசி பிரான்சிஸ், கயிறு கட்டிய அங்கி]

சரி, சபைத் தலைவரைப் பாப்பரசர் அவிஞோனுக்கு ஏன் அழைத்தார்? அசிசி பிரான்சிஸ் 1226-இல் இறந்தார். எதையும் உடைமையாக வைத்துக்கொள்ளாதே என்பது அவர் வகுத்த நெறி. சபையோ வேகமாக வளர்ந்தது. மடங்களும் நூல்களும் சேர்ந்தன. அதற்கு ஒரு வழி கண்டார்கள்: பொருள்களின் உடைமை பாப்பரசருக்கு, பயன்பாடு மட்டும் துறவிகளுக்கு.

அப்போதைய பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான் இதை ஏற்கவில்லை. ஒரு முட்டையையும் பாலாடைக்கட்டித் துண்டையும் தின்று தீர்த்த பிறகு, அவற்றின் உடைமை மட்டும் ரோமத் திருச்சபையிடம் இருக்கிறது என்று யார் நம்புவார் என்று 1322-இல் கேட்டார். கூர்மையான கேள்விதான். ஆனால் 1323-இல் ஒரு படி மேலே போனார்: கிறிஸ்துவும் சீடர்களும் தனியாகவோ பொதுவாகவோ எதையும் உடைமையாக வைத்திருக்கவில்லை என்று பிடிவாதமாகச் சொல்வது மதபேதம், அதாவது திருச்சபைப் போதனைக்கு எதிரான கொள்கை என்று அறிவித்தார். அதற்கு முன்பே, 1318-இல், ஏழ்மையை விட்டுக்கொடுக்க மறுத்த நான்கு துறவிகள் மார்சேயில் எரிக்கப்பட்டிருந்தார்கள்.

கிறிஸ்து ஏழை என்றால், அவர் பெயரால் ஆளும் திருச்சபைக்குச் செல்வமும் அரசதிகாரமும் எதற்கு? இந்தக் கேள்விதான் பாப்பரசரை அச்சுறுத்தியது என்று நினைக்கிறேன். அவருடைய எதிரியான ஜெர்மானிய அரசர் பவேரிய லுட்விக் பிரான்சிஸ்கன்களைத் தாங்கிப் பிடித்ததும் இதனால்தான்.

[திரையில்: எதிரெதிராக அமர்ந்த இரு தரப்பினர்]

நாவலில் இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்குக் கூடும் இடம்தான் அந்த மடம். பாப்பரசர் தரப்பில் பெர்னார்து கீ வருகிறார். கதையில் மட்டுமல்ல, வரலாற்றிலும் வாழ்ந்தவர்; மதபேதக் குற்றங்களைத் திருச்சபைக்காக விசாரித்த அதிகாரி. ஐந்தாம் நாள், கிறிஸ்துவின் ஏழ்மை பற்றிய விவாதம் கைகலப்பில் முடிகிறது. ஒரு மடத்துக்குள் மனிதர்கள் ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

முதல் நூறு பக்கங்களைச் சுருக்கச் சொல்லி நண்பர்களும் பதிப்பாளர்களும் வற்புறுத்தியும் எக்கோ மறுத்துவிட்டார். தயவுசெய்து அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். அவிஞோனுக்குப் போனால் திரும்பி வர முடியுமா என்று மைக்கேலின் தரப்பு அஞ்சும் பக்கங்களையும் நிதானமாகப் படியுங்கள். உண்மையில் அவர் போனார். 1328 மே 26 இரவு, மெய்யியலாளரான ஒக்காம் வில்லியம் (நாவலின் வில்லியம் அல்ல) உள்ளிட்ட சிலருடன் அங்கிருந்து தப்பி லுட்விக்கிடம் அடைக்கலம் புகுந்தார்.