கவரிங் சேராத காதும் பல்லுக்குப் போடும் கேப்பும்

நேயர்களுக்கு வணக்கம். பல்லைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் பேச்சைக் காதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆடி மாதம் நம் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கடைகளில் கவரிங் தோடு வாங்கிப் போடும் பிள்ளைகளில் சிலருக்கு இரண்டு மூன்று நாளில் காது சிவந்து, அரித்து, நீர் வடியும். "இவளுக்குக் கவரிங் சேராது" என்று சொல்லி வீட்டில் தோட்டைக் கழற்றிவிட்டு, துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகி விடுவார்கள். அதே அரிப்பு சிலருக்கு வாட்ச் பட்டை படும் மணிக்கட்டில் வரும். ஜீன்ஸ் பொத்தான் உரசும் வயிற்றில் வரும். பெரும்பாலும் இதற்கெல்லாம் காரணம் ஒரே உலோகம்தான், நிக்கல். கவரிங் நகையில் தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பதுண்டு. ஜெர்மன் சில்வர் என்று விற்கிறார்களே, அதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த கலவை அது. வெள்ளித் தொழில் நடக்கும் ஊர்க்காரர்களான உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்த நிக்கல் பல்லின் மேல் உறைபோல மாட்டும் கேப்கள் பலவற்றிலும் இருக்கிறது. இதை மனதில் வைத்து நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு சிவதாபுரம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிறவர். கண்ணி கோப்பது, பற்றவைப்பது, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது எல்லாம் அவர் கைதான். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, உள்ளே உலோகமும் மேலே பீங்கானுமாக ஒரு கேப் போட்டு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். "குழம்பு பட்டாலே காந்துதுங்க டாக்டரம்மா" என்றார். கேப்பைச் சுற்றி ஈறு சிவந்திருந்தது. சரியாகத் துலக்கவில்லை என்று நினைத்து, சுத்தம் செய்து, வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் மறுபடியும் வந்தார். இந்த முறை கன்னத்தின் உட்புறம் கோலமாவு சிந்தினாற்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள், நடுவே சிவப்பு. கேப் உரசும் இடத்தில் மட்டும். வலது கன்னம் தெளிவாக இருந்தது.

அப்போதுதான் அவர் காதைப் பார்த்தேன். இரண்டு துளைகளிலும் வேப்பங்குச்சி. தங்கத் தோடு அடகில் இருந்தது. "தங்கம் தவிர வேற எதுவும் எனக்குச் சேராதுங்களே, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்" என்றார். எங்கள் கிளினிக்கில் நிரப்பும் தாளில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், எந்த மருந்து சேராது என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. எந்த நகை சேராது என்ற கட்டம் இல்லை. நான் வாயாலும் கேட்கவில்லை. பிழை என்னுடையதுதான். அவர் ஐந்து மாதம் காரம் ஒதுக்கிச் சாப்பிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் குறைந்த செலவில் போடும் உலோக கேப்பும், உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்பும் பெரும்பாலும் நிக்கலும் குரோமியமும் கலந்த கலவையில் வார்க்கப்படுகின்றன. அதில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது பங்கு வரை நிக்கல். இதைக் கேட்டதும் சிலருக்கு அடுப்படி ஞாபகம் வரும். நம் சேலம் உருக்காலையில் வரும் துருப்பிடிக்காத எஃகிலும் நிக்கல் உண்டு. பாத்திர வகைகளில் பெயர் பெற்ற ஒன்றில் பதினெட்டு பங்கு குரோமியம், எட்டு பங்கு நிக்கல். அதற்காக டம்ளரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக மேலே படிந்து, உள்ளே இருப்பதை வெளியே விடாமல் காக்கிறது. கேப்பிலும் அந்தப் படலம் உண்டு. ஆனால் டம்ளர் உதட்டில் படுவது நொடிக் கணக்கில். கேப் இரவும் பகலும் எச்சிலிலேயே ஊறுகிறது. புளி, எலுமிச்சை, ஊறுகாய் என்று அமிலம் படுகிறது. மெல்லும்போது தேய்கிறது. துளித்துளியாக நிக்கல் கரைந்து வெளியே வரும்.

கரைந்து வந்த நிக்கல் உடம்பின் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியன் என்று ஒருமுறை பதிந்துகொண்டால், அந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. அடுத்த முறை பட்டதும் படையெடுக்கும். இறால் சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் தடித்துப் போகிற ஒவ்வாமை வேறு. இது நிதானமாக வருவது. ஒன்றிரண்டு நாளில் வரலாம், கேப் போட்டு மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால்தான் நோயாளிக்கும் சந்தேகம் வருவதில்லை, மருத்துவருக்கும் வருவதில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கவரிங் சேராதவர்கள் பலர் உலோக கேப்போடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள். தோலைவிட வாய் பொறுமையானது. எச்சில் ஓயாமல் கழுவிக்கொண்டே இருப்பதால் உலோகம் ஓரிடத்தில் தங்குவதில்லை. பல்லுக்குக் கம்பி போட்ட பிறகு காது குத்திக்கொண்ட பிள்ளைகளுக்கு நிக்கல் ஒவ்வாமை குறைவாக இருந்ததாக ஐரோப்பிய ஆய்வுகள் உண்டு. வாய் வழியாக முதலில் அறிமுகமானால் உடம்பு அதைப் பழகிக்கொள்கிறது என்பது விளக்கம். நம் வழக்கம் தலைகீழ். பல் முளைத்தும் முளைக்காத வயதில் குலதெய்வக் கோயிலில் மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்திவிடுகிறோம். நல்லவேளை, அப்போது போடுவது தங்கம். இருபத்திரண்டு காரட் தங்கத்தில் கலப்பது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்தான். வளர்ந்து கவரிங் போடத் தொடங்கிய பிறகே வினை ஆரம்பிக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1994இல் ஒரு விதி கொண்டுவந்து, தோலில் படும் நகையிலிருந்து எவ்வளவு நிக்கல் வெளியேறலாம் என்று வரம்பு கட்டின. டென்மார்க்கில் அதற்கும் முன்பே, 1990இல். அதன் பிறகு அங்கே இளம்பெண்களிடம் இந்த ஒவ்வாமை குறைந்தது. இங்கேயும் அப்படி ஒரு விதி வேண்டும் என்பது என் ஆசை.

ஒவ்வாமை என்று தப்பாக நினைத்து நல்ல கேப்பைக் கழற்றச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. ஏற்காட்டிலிருந்து ஒரு பெரியவர் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி பஸ்ஸில் வந்தார். கேப்பைச் சுற்றி ஈறு வெளுத்து வெந்திருந்தது. "கேப்பு விசமாயிருச்சு" என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். விசாரித்தால், லேசாக வலித்ததற்குப் பத்து நாளாகக் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அங்கேயே வைத்திருக்கிறார். வெந்தது தைலத்தால். நிறுத்தியதும் ஆறிவிட்டது. கேப் விளிம்பு ஈறுக்குள் அதிக ஆழம் போனாலும், ஒட்டிய பசை உள்ளே தங்கிவிட்டாலும் ஈறு சிவக்கும். அது போட்ட விதத்தின் குறை. ஈறு ஓரத்தில் தெரியும் கறுப்புக் கோடு உள்ளே இருக்கும் உலோகத்தின் நிழல், பெரும்பாலும் அழகுக் குறை மட்டும்தான். நான் சொன்ன அந்த வெள்ளைக் கோடுகள்கூட சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் வலி மாத்திரைகளாலும் வரும். மாத்திரைச் சீட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

புகையிலை மெல்லுகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. வாயில் வெள்ளைத் திட்டோ புண்ணோ வந்து இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், அது கேப்பின் ஒவ்வாமை என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். உடனே காட்டுங்கள். தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதிப்போம். பயந்து தள்ளிப்போட்டவர்களைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

அடுத்து வெனீர். முன்பற்களின் மேல் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு. நம் மாவட்டத்தின் சில பகுதிகளிலும், 1965 வரை நம்மோடு ஒரே மாவட்டமாக இருந்த தர்மபுரிப் பக்கத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வெனீர் கேட்டு வருகிறார்கள். வாயை மூடிக்கொண்டே சிரித்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய ஆசையை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை.

பீங்கான் பொதுவாக யாருக்கும் ஒவ்வாமை தருவதில்லை. சிக்கல் அதை ஒட்டும் பசையில்தான். அது மெத்தாக்ரிலேட் வகைப் பிசின். நீல வெளிச்சம் காட்டினால் இறுகும். முழுதாக இறுகியபின் பெரும்பாலும் சாது. இறுகாமல் மிச்சமிருப்பதுதான் ஈறையும் உதட்டையும் உறுத்தும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது விரல் நுனியில் தெரியும். அந்தத் திரவம் மெல்லிய ரப்பர் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். விரல் நுனி வெடித்து, தோல் உரிந்து, இந்த வேலையையே விட்ட உதவியாளர்களை எனக்குத் தெரியும். இப்போது அதே குடும்பத்துப் பிசின் அழகு நிலையங்களில் ஜெல் நகப் பூச்சாகவும் ஒட்டு நகமாகவும் வந்துவிட்டது. நகம் வைத்த இடத்தில் அரிப்போ, கண் இமையில் தடிப்போ வந்திருந்தால் வெனீர் போடுமுன் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அழகு நிலையத்தில் வந்த அரிப்பைப் பல் மருத்துவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றாது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தோல் மருத்துவர்கள் செய்யும் பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடியும் மூன்றாவது நான்காவது நாளில், சில பொருள்களுக்கு ஒரு வாரம் கழித்தும் பார்க்க வேண்டியிருக்கும். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. நம் சேலத்துச் சித்திரை வெயிலில் அது நடக்கிற காரியமா? அவசரம் இல்லையென்றால் மார்கழி, தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பரிசோதனை பொய் சொல்லும். பல் பொருள்களுக்கென்று தனி வரிசை உண்டு. கேப்பில் என்ன உலோகம் என்ற தகவலோடு போனால் அதற்கேற்ற வில்லையை வைப்பார்கள்.

நிக்கல் சேராது என்று தெரிந்தால் என்ன போடலாம்? கோபால்ட் குரோமியத்தில் நிக்கல் இல்லாத கலவைகள் உண்டு. ஆனால் கோபால்ட்டும் குரோமியமும்கூடச் சிலருக்குச் சேராது. விலை உயர்ந்த சில கலவைகளில் வரும் பல்லேடியம் இன்னும் சூட்சுமம். நிக்கல் சேராதவர்களில் பலருக்கு அதுவும் சேராது. உலோகமே இல்லாத, பீங்கான் வகையைச் சேர்ந்த ஜிர்கோனியா நல்ல வழி, ஒவ்வாமை மிக அரிது. இன்னொரு வசதி, அதைப் பிசின் பசை இல்லாமல் கிளாஸ் அயனோமர் என்ற சாதாரண சிமெண்டிலேயே பெரும்பாலும் ஒட்டிவிடலாம். வெனீருக்கு அந்த வசதி கிடையாது, பிசின் இல்லாமல் நிற்காது. ஜிர்கோனியாவுக்கு விலை கூடத்தான். கொலுசுக் கூலியில் அது பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். முடியாதவர்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் பேசுங்கள், தவணையில் வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எந்த கேப் போட்டாலும் ஒன்று கேட்டு வாங்குங்கள். அது என்ன பொருள், எந்தக் கலவை, எந்தப் பசை என்று எழுதிய ஒரு சீட்டு. கேப் செய்யும் லேபிலிருந்து எங்களுக்கு அந்த விவரம் கிடைக்கும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போனாலும் அந்தச் சீட்டு பேசும்.

அந்தக் கொலுசு வேலை அம்மாவுக்கு டெஸ்டில் நிக்கல் இருந்த இடம் சிவந்து கொப்புளித்தது. கேப்பை அறுத்து எடுத்து, ஜிர்கோனியா போட்டேன். அதற்குப் பணம் வாங்கவில்லை. முதல் மாதத்தில் காந்தல் நின்றது. வெள்ளைக் கோடுகள் மறைய மூன்று மாதம் ஆயிற்று. அவர் விரல்களிலும் வெகுநாளாக அரிப்பும் வெடிப்பும் உண்டு. கேப்பை எடுத்தால் அதுவும் போய்விடும் என்று நம்பினார், நானும் கொஞ்சம் நம்பினேன். அது போகவில்லை. நாளெல்லாம் தண்ணீரிலும் அமிலத்திலும் வெங்காரத்திலும் புழங்கும் கை அது. இப்போது தோல் மருத்துவர் சொன்னபடி பருத்தி உள்ளுறை போட்ட கையுறையோடு கழுவுகிறார். கண்ணி கோக்கும்போது மட்டும் கழற்றிவிடுகிறார். கையுறையோடு கண்ணி கோக்க வராது என்கிறார்.

எங்கள் கிளினிக் தாளில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: "தோடு, வாட்ச், நகப்பூச்சு ஏதாவது சேராமல் போனதுண்டா?" எழுதத் தெரியாதவர்களிடம் நானே கேட்டு எழுதிக்கொள்கிறேன். வணக்கம்.