மூக்கின் முன்னால் நிற்கும் அலை

வணக்கம் நேயர்களே.

நாம் நடந்து போகும்போது முன்னால் இருக்கும் காற்று தானாக விலகி வழிவிடுகிறது. நாம் வருகிற சேதி அதற்கு முன்கூட்டியே போய்விடுவதுதான் காரணம். அந்தச் சேதியைச் சின்னச் சின்ன அழுத்த அலைகள் கொண்டுபோகின்றன. தரைமட்டத்தில் அவற்றின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர், அதாவது ஒலியின் வேகம்.

சரி, வருகிற பொருள் அந்தச் சேதியையே முந்திவிட்டால்? காற்றுக்கு விலக நேரம் கிடைக்காது. பொருள் கிட்டத்தில் வந்துவிட்ட பிறகு, மெல்லிய ஒரு தளத்தைக் கடக்கும்போது, அழுத்தமும் அடர்த்தியும் வெப்பநிலையும் ஒரே தாவலில் ஏறிவிடும். அந்தத் தளத்தைத்தான் அதிர்ச்சி அலை என்கிறோம். தரைமட்டக் காற்றில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. பாயும் தோட்டாவின் முன்னால் நிற்கும் இந்த அலையை இயற்பியலாளர்கள் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்கரும் 1880-களிலேயே படம்பிடித்துவிட்டார்கள். இன்றும் சோதனைக்கூடத்தில் அந்த மாதிரிப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். கண்ணுக்கே தெரியாத காற்றில், பேனாவால் இழுத்தது போல ஒரு கருங்கோடு!

ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகம், அதாவது மாக் 5, அதைத் தாண்டினால் ஹைப்பர்சானிக் என்கிறோம். இந்த எல்லை நம் வசதிக்காகப் போட்டுக்கொண்டது. ஆனால் அந்தப் பக்கம் போகப் போக அலையின் குணம் மாறுவது உண்மை. மாக் 10-இல் நேர்குத்தாக நிற்கும் ஓர் அலையைக் கடக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 116 மடங்கு ஆகிறது. அடர்த்தியோ, வழக்கமான கணக்குப்படி, எவ்வளவு வேகமாகப் போனாலும் ஆறு மடங்கைத் தாண்டாது. மிச்சமெல்லாம் சூடாகத்தான் வெளிப்பட்டாக வேண்டும்.

இன்னொரு மாற்றம், அலை உடலோடு ஒட்டிக்கொள்கிறது. 15 டிகிரி சாய்வுள்ள ஓர் ஆப்பை மாக் 36-இல் செலுத்தினால், அலை 18 டிகிரியில் நிற்கும். நடுவே வெறும் மூன்று டிகிரி இடைவெளி. அலையைக் கடந்த கொதிக்கும் காற்று முழுவதும் அந்தச் சந்துக்குள்தான் ஓட வேண்டும்.

எவ்வளவு கொதிக்கும்? நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ கலம் ஏறத்தாழ நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தது. பாடப்புத்தகச் சூத்திரத்தில் அந்த வேகத்தைப் போட்டால், அலைக்குப் பின்னால் 58,000 கெல்வின் வருகிறது. உண்மையில் அங்கே இருந்தது சுமார் 11,000 கெல்வின்தான். பாக்கி வெப்பம் எங்கே போனது? காற்றின் மூலக்கூறுகளை உடைக்கப் போனது. சாதாரண அழுத்தத்தில் 2,000 கெல்வினைத் தாண்டும்போது ஆக்சிஜன் பிளக்கத் தொடங்கும். 4,000-க்கு மேல் நைட்ரஜன். அப்புறம் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களே கழன்றுவிடும். கலம் திரும்பி வரும்போது சில நிமிடம் வானொலித் தொடர்பு அறுந்துபோவது அந்த எலெக்ட்ரான்களால்தான். இப்படிச் சூடு குறைவதால் காற்று ஆறு மடங்குக்கும் மேலே நெருக்கப்படுகிறது. அலை உடலுக்கு இன்னும் கிட்டே வந்துவிடுகிறது.

அப்படியானால் அதைத் தள்ளி நிறுத்த வழி உண்டா? உண்டு, மூக்கை மழுக்குவதுதான் அந்த வழி. வேகமாகப் போகிற பொருள் ஊசி மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஹாரி ஜூலியன் ஆலனும் ஆல்ஃபிரட் எக்கர்ஸும் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள். மழுங்கிய முகத்துக்கு முன்னால் அலை ஒட்டாமல், வில்லாக வளைந்து, தள்ளி நிற்கும். கலத்தின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி அந்த வில்லின் வழியாகக் காற்றுக்கே போய், பின்னால் ஓடிவிடும். கலத்தின் தோலுக்கு வந்துசேர்வது சிறு பங்குதான். விண்வெளி வீரர்களைச் சுமந்து திரும்பும் கலங்கள் தட்டையான அடிப்பாகத்தை முன்னே காட்டிக்கொண்டு இறங்குவது இதனால்தான். இந்தத் துறையில் இவ்வளவு அழகான யோசனை வேறொன்று இல்லை என்பேன்.

ஆனால் விமானத்துக்கு இறக்கை வேண்டும், வால் வேண்டும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அலையைக் கிளப்பும். அவை ஒன்றோடொன்று மோதுமிடம்தான் ஆபத்து.

1967 அக்டோபர் 3. அமெரிக்க விமானி பீட் நைட் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தை மாக் 6.7 வரை கொண்டுபோனார். மணிக்கு 7,270 கிலோமீட்டருக்கும் மேல். விமானத்தின் அடித்துடுப்பில், அதாவது வயிற்றுப்பக்கத்துச் சிறு இறக்கையில், ஒரு போலி ராம்ஜெட் எந்திரம் மாட்டியிருந்தது. ராம்ஜெட் என்பது எதிரே வரும் காற்றை வேகத்தாலேயே அமுக்கி, அதில் எரிபொருளை எரிக்கும் எந்திரம். அதிலிருந்து கிளம்பிய அலை, அதைத் தாங்கிய துடுப்பின் மேல் போய் விழுந்தது. வெப்பம் தாங்கும் நிக்கல் கலவை உலோகத்தில் ஓட்டை விழுந்தது. திரும்பி வரும் வழியில் அந்தப் போலி எந்திரமே கழன்று விழுந்துவிட்டது. நைட் பத்திரமாக இறங்கினார். அந்த விமானம் பிறகு பறக்கவே இல்லை.

மறு ஆண்டு ஸ்வீடனில் பாரி எட்னி இத்தகைய மோதல்களை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார். நான்காவது வகைதான் மிகக் கொடியது. மோதும் இரண்டு அலைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய காற்றுத் தாரை உருவாகி, கொல்லன் ஊதுகுழல் போல ஒரே இடத்தைப் போய்த் தாக்கும். மோதல் இல்லாதபோது அங்கே இருக்கும் வெப்பத்தைப்போல் பத்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேலே, அந்தச் சிறு இடத்தில் ஏறும்.

ஸ்க்ராம்ஜெட் என்பது, காற்று உள்ளே ஒலியைவிட வேகமாக ஓடும்போதே எரிபொருளை எரிக்கும் ராம்ஜெட். இன்று அதை வடிவமைப்பவர்கள், விமான மூக்கின் அலை சரியாக எந்திரத்தின் காற்று நுழையும் வாயின் உதட்டில் போய் விழும்படிக் கோணத்தை அமைக்கிறார்கள். அப்போதுதான் அமுங்கிய காற்று சிந்தாமல் உள்ளே போகும். ஆனால் வேகம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ அலை இடம் மாறும். கத்தி முனை போன்ற அந்த உதட்டில் நான்காவது வகை மோதலும் நேரலாம். அதனால்தான் உதட்டையும் கொஞ்சம் மழுக்கி, உள்ளே எரிபொருளையே ஓடவிட்டுக் குளிர வைக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.