சுவர் இருந்தால்தான் சித்திரம்

(மாமல்லபுரம் கடைக்காரர்கள் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் உள்ளாட்சிப் பெருமக்களே, வகுப்பு முடிந்த கையோடு நேராக இங்கே வந்திருக்கும் சிற்பக் கல்லூரி ஆசிரியர்களே, உட்கார இடமில்லாமல் கடைசியில் நின்றுகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, முதல் வரிசையில் அமர்ந்து எங்களைப் பெருமைப்படுத்தும் மூத்த ஸ்தபதி ஐயா அவர்களே, கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. மேடையில் இருப்பவர்களுக்குப் பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்துக்கு பிரஷ் வாங்கி ஓவியர்களுக்குக் கொடுங்கள் என்று சொன்னவர் அவர். சொன்னபடி வாங்கியும் கொடுத்துவிட்டார். அதை வாங்கிக்கொண்ட போர்டு எழுதும் ஓவியர்கள் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருமுறை கை தட்டுங்கள். ஸ்தபதி ஐயாவுக்கும் தட்டுங்கள். கல்லில் எழுத்து வெட்டுகிற கையும் தகரத்தில் எழுத்து எழுதுகிற கையும் ஒரே குடும்பம் என்று எனக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

கடைப் பெயர்ப்பலகை பற்றி நான்கு விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எழுத்தின் வடிவம், சட்டம், பலகை செய்யும் பொருள், இரவு வெளிச்சம். நாலும் முடிகிறதா பார்ப்போம். எது விட்டுப்போனாலும் ஒரு பழமொழியை மட்டும் விடமாட்டேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

நம் ஊரில் அந்தச் சுவர் பல்லவர் காலத்திலிருந்தே இருக்கிறது. ஐந்து ரதம் பார்க்க வருகிறவர்கள் தர்மராஜ ரதத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் மேல் தளத்தில் எழுத்து தெரியும். ‘அத்யந்தகாம பல்லவேஸ்வர கிருஹம்’ என்று பல்லவ கிரந்தத்தில், அதாவது வடமொழியை எழுத நம் பக்கத்தில் வழங்கிய எழுத்தில், வெட்டியிருக்கிறது. அந்தக் கட்டடத்தின் பெயர் அது. அதாவது, ஒரு பெயர்ப்பலகை. ஆயிரம் வருடத்துக்கு மேலாக உப்புக் காற்றிலும் வெயிலிலும் நின்றும் இன்னும் படிக்க முடிகிற பெயர்ப்பலகை.

வடக்கே சாளுவன்குப்பம் போங்கள். அதிரணசண்ட குகைக் கோயிலில் ஒரு பக்கச் சுவரில் கிரந்த எழுத்து, எதிர்ப்பக்கச் சுவரில் வடநாட்டு நாகரி எழுத்து. வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான். மொழி வடமொழி, அதை நான் மறைக்கவில்லை. நான் பேசுவது எழுத்தைப் பற்றி. வெளியூர்க்காரரும் படிக்கட்டும் என்றுதான் இரண்டாவது எழுத்தையும் சேர்த்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக நம் பக்கத்து எழுத்தைச் சுருக்கி ஒரு மூலையில் ஒட்டவில்லை. அதற்கென்று ஒரு முழுச் சுவரையே கொடுத்தார்கள்.

அங்கிருந்து ஒத்தவாடைத் தெருவுக்கு வாருங்கள். தையல் கடை, சிப்பிக் கடை, மொட்டை மாடி ஓட்டல், கல் சிற்பக் கடை என்று வரிசையாக இருக்கின்றன. பலகைகளைப் பாருங்கள். ஆங்கிலம் ஒரு முழ உயரத்தில் இருக்கும். தமிழ் இருந்தால், கைப்பேசி எண்ணுக்கு மேலே, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இல்லாத பலகைகளும் நிறைய. கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. வெள்ளைக்காரர் வருகிற தெரு, அவருக்குப் புரிய வேண்டாமா என்று நினைக்கிறார்கள். நியாயமான நினைப்புதான். புரியட்டும், ஆங்கிலமும் இருக்கட்டும். கேள்வி அளவைப் பற்றியது.

அந்த அளவைச் சட்டமே சொல்லியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும், ஆங்கிலம் அடுத்து, வேறு மொழி வேண்டுமானால் மூன்றாவது. இடத்தை 5:3:2 என்ற கணக்கில் பிரித்துக்கொள்ள வேண்டும். இதை வெறும் மொழிப்பற்று என்று சிலர் நினைக்கிறார்கள். போர்டு எழுதுகிறவர்களைக் கேட்டால், இதில் தொழில் நியாயமும் இருக்கிறது என்பார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிடும். தமிழுக்கு மேலே ‘கி’, ‘கீ’ என்று மேல்விலங்குக்கு இடம் விட வேண்டும், கீழே ‘கு’, ‘ழு’ என்று சுழிக்கு இடம் விட வேண்டும். இரண்டுக்கும் ஒரே உயரப் பட்டை கொடுத்தால் தமிழ் தானாகவே சின்னதாகிவிடும். அகலத்திலும் அப்படித்தான். ‘ண’ கேட்கிற இடம் வேறு, ‘ர’ கேட்கிற இடம் வேறு. ஆக, 5 பங்கு கொடுத்தால்தான் தமிழ் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும்.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். கதை என்ன, நடந்ததுதான். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். நமக்கு வேண்டிய ஒருவர் கடற்கரைப் பக்கம் சங்கு, சிப்பி விற்கிற கடை வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கூடவே நின்று பாடுபட்ட மனைவியின் பெயரையே கடைக்கு வைக்க வேண்டும் என்று ஆசை. அந்த அம்மாவின் உண்மைப் பெயர் எதற்கு, மேகலா என்று வைத்துக்கொள்வோம். ‘மேகலா சிப்பிக் கடை’. நல்ல பெயர். பிளெக்ஸ் அடிக்கிற இடத்துக்கு வாட்ஸ்அப்பில் பெயரை அனுப்பினார். சாயங்காலமே போர்டு வந்துவிட்டது. பளபளவென்று இருக்கிறது. பின்னணியில் கடற்கரைக் கோயில், முன்னால் ஒரு பெரிய சங்கு. எல்லோரும் படத்தைப் பார்த்தார்களே தவிர, எழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மாட்டிவிட்டார்கள்.

காலையில் திறப்பு விழா. நாதஸ்வரம், வாழைமரம், வண்ணத் தோரணம் எல்லாம் இருக்கிறது. பெரிய மனிதர் ஒருவர் ரிப்பன் வெட்ட வந்திருக்கிறார். சம்பந்தி வீட்டார், மாமா, சித்தப்பா, எல்லோரும் ஆஜர். வீட்டு அம்மா புதுப் பட்டுப்புடவையில் குத்துவிளக்குப் பக்கத்தில் நிற்கிறார். கத்திரிக்கோலைக் கையில் எடுக்கிற நேரம். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பேத்தி போர்டை அண்ணாந்து பார்த்து, பள்ளிக்கூடத்தில் படிப்பது போலச் சத்தமாகப் படித்தது: “ம... கே... லா... சிப்பிக் கடை.” நாதஸ்வரம் நின்ற நேரம் பாருங்கள், எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. மகேலா என்றுதான் இருக்கிறது! அந்த அம்மா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பி, “யாருங்க அந்த மகேலா?” என்று கேட்டார். அவர் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. சம்பந்தி அம்மா அந்தப் பக்கமிருந்து, “ஒருவேளை வடநாட்டுக்காரப் பார்ட்னரோ?” என்றார். ரிப்பன் வெட்ட வந்தவர் கத்திரிக்கோலைப் பிடித்தபடியே நிற்கிறார், வெட்டலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு வேட்டியை எடுத்துப் போர்டின் மேல் போர்த்திவிட்டுத்தான் கடையைத் திறந்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் காரணம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘மே’ என்ற எழுத்தில் கொம்பை நாம் முன்னால் எழுதுகிறோம். கணினிக்குள் மகரம் முதலிலும் கொம்பு அதற்குப் பின்னாலும்தான் இருக்கும். அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. டிசைன் செய்கிற மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைப் போட்டு வைக்காவிட்டால், கொம்பு பின்னாலேயே நின்று, அடுத்து வருகிற ‘க’வோடு சேர்ந்துகொள்கிறது. மேகலா மகேலா ஆகிவிடுகிறார். இதற்குக் கணினியைத் திட்டிப் பயனில்லை. அந்த அமைப்பை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. தமிழ் படித்த ஒரு கண் அந்த போர்டை ஒரு தடவை பார்த்திருந்தால் அது அச்சுக்கே போயிருக்காது. அந்தக் கண்ணைத்தான் நாம் வேலையை விட்டு அனுப்பிவிட்டோம்.

அந்தக் கண் யாருடையது? இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுடையது. அந்தக் கடைக்கு மறுநாளே தகரத்தில் போர்டு எழுதியவரும் அவர்களில் ஒருவர்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிரைமர் அடித்து, மேலே மஞ்சள் அடித்து, காயவைத்தார். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். நேர்கோடு விழுந்தது. வாய்க்குள்ளேயே பெயரைச் சொல்லிக்கொண்டு, எது அகல எழுத்து, எது ஒல்லி எழுத்து என்று கணக்குப் போட்டுச் சாக்பீஸால் லேசாக வரைந்தார். ‘மே’யின் கொம்பைக் கடைசியாகத்தான் போட்டார். மகரத்தை எழுதிவிட்டு, அதன் இடுப்பு அளவுக்குக் கொம்பு வளைய வேண்டும் என்று இரண்டு தடவை அழித்து வரைந்தார். அப்புறம்தான் பிரஷ். இடது கையில் ஒரு குச்சியை ஊன்றி, அதன் மேல் வலது மணிக்கட்டை வைத்து, ஒரே இழுப்பு. நீல எழுத்து, ஓரத்தில் சிவப்பு நிழல். அந்த போர்டின் முன்னால் நின்று இப்போது சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எழுத்தின் வயதையே இவர்கள் பார்த்துச் சொல்வார்கள். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டதற்கு முன்னால் ‘லை’, ‘ணை’, ‘னை’ எல்லாம் இன்றைய ‘ை’ குறிக்குப் பதிலாக யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு போட்டுத்தான் எழுதப்பட்டன. பழைய கடைத்தெருவில் ஒரு தகரப் பலகையில் அந்தத் துதிக்கை இருந்தால், அது எந்தக் காலத்து எழுத்து என்று இவர்களுக்கு ஒரு பார்வையிலேயே தெரியும். பிளெக்ஸ் வந்த பிறகு இந்த அறிவுக்குக் கூலி இல்லாமல் போய்விட்டது. பலர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள், சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்கிறோமே, அந்தச் சுவர் இவர்கள்தான் என்று நான் சொல்கிறேன். இவர்களை இழந்துவிட்டு 5 பங்கு தமிழ் வேண்டும் என்று சட்டம் பேசினால், கிடைப்பது 5 பங்கு மகேலாதான்.

பிளெக்ஸ் மலிவு, கைவேலை விலை அதிகம் என்கிறீர்கள். சரி. பிளெக்ஸ் இந்தக் கடற்கரை வெயிலில் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதன் இரும்புச் சட்டம் உப்புக் காற்றில் இற்றுப்போகிறது. தகரமும் துருப்பிடிக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே தகரத்தைத் தேய்த்து மறுபடி எழுதலாம். அந்தக் கூலி ஊருக்குள்ளேயே சுற்றும். வசதி உள்ளவர்கள் கல்லிலேயே வெட்டிக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இங்கேயே இருக்கிறது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி முதல்வராக இருந்த கல்லூரி அது. அப்படிப்பட்ட ஊரில் சிற்பக் கடைகளுக்கே பிளாஸ்டிக் பலகை இருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வெளிநாட்டுக்காரருக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021-22-இல் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச்சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்தது தாஜ்மகாலுக்கு அல்ல, நம் ஊருக்குத்தான். அவர் ஆங்கிலப் பலகையை எந்த ஊரிலும் பார்க்கலாம். புதுச்சேரிக்குப் போனால் நீலப் பலகையில் பிரெஞ்சும் தமிழுமாகத் தெருப்பெயர். அதை நின்று படம் எடுக்கிறார். நம் தெருவில் எடுக்க என்ன இருக்கிறது என்று கடைக்காரர்கள் யோசியுங்கள்.

இரவு வெளிச்சத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். வேண்டுகோளை மட்டும் வைத்துவிடுகிறேன். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறீர்கள் அல்லவா? அதே செலவோடு கடைக்கு ஒரு தமிழ் வரி, கையால் எழுதியது. முழுப் பலகை வேண்டாம், இருப்பதை இப்போதே கழற்றவும் வேண்டாம். ஷட்டருக்கு மேலே சுவர் சும்மா இருக்கிறது, அதில் எழுதுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். சுவர் உங்களிடம் இருக்கிறது, கை இவர்களிடம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: மாணவர்கள் பயிற்சிக்கு வெட்டுகிற கல்லில் வருடத்துக்குச் சில கடைப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கல்லுக்குப் பணம் கொடுப்பார்.

மேடைக்கு வலப்பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கடைப் பெயர், சுவரின் நீளம், உயரம், போன் நம்பர் எழுதிவிட்டுப் போங்கள். ஓவியர்கள் நேரில் வந்து அளந்து, என்ன ஆகும் என்று சொல்வார்கள். பெயரைத் தமிழில், உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். முதல் பெயராகத் தலைவர் ஐயா தன் கடைப் பெயரை எழுதிவிட்டார் என்று இப்போதுதான் சீட்டு வந்தது. அடுத்த பெயர் யாருடையது என்று பார்க்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.